ஓடை எலிக்கு எந்தப் பொறி? ஷெர்மன், டோமஹாக், விக்டர்: களத்துக்கான மதிப்பீடு

சிறு பாலூட்டி ஆய்வுக்குப் பொறி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் யோசிக்காமல் ஷெர்மன் பெட்டியைத்தான் வாங்குவார்கள். காட்டுத் தரைக்கும் புல்வெளிக்கும் அது போதும். தேடுவது இக்தியோமைனி என்ற ஓடை எலிக் கூட்டத்தை என்றால் கதை வேறு. ஷெர்மனுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியையாவது எடுத்துக் கம்பிவலைக் கூண்டுக்கும் மரப்பலகை விக்டருக்கும் போடுங்கள். ஏன் என்பதைத்தான் கீழே பொறி பொறியாகப் பார்க்கப் போகிறோம்.

முதலில் எலியைப் பற்றி. மெக்சிகோவின் தெற்கிலிருந்து மத்திய அமெரிக்கா வழியாகப் பெரு, பிரேசில், கயானா பகுதி வரை, ஓடையோரங்களில் வாழும் ஊனுண்ணி எலிகள் இவை. இக்தியோமிஸ், ரியோமிஸ், நியூஸ்டிகோமிஸ், அனோடோமிஸ், சிப்சனோமிஸ் என்று நெடுங்காலமாக 5 பேரினங்களாகப் பிரித்து வந்திருக்கிறார்கள். பாலூட்டியியலாளர் ராபர்ட் வோஸ் 1988-ல் இந்தக் கூட்டத்தை முழுதாக அலசி வெளியிட்ட ஆய்வுதான் இன்றும் அடிப்படை. அமேசான் தாழ்நிலத்திலும் உண்டு, ஆண்டீஸ் மலையில் 3,500 மீட்டருக்கு மேலும் உண்டு. சிறியவை 40 கிராம் அளவில் நிற்கும். பெரிய இக்தியோமிஸ் 100 கிராமைத் தாண்டும்.

பொறி வாங்குகிறவருக்கு இதில் முக்கியமானது மூன்று விஷயம். ஒன்று, இவை தானியம் தேடி வருவதில்லை. நீர்ப்பூச்சிகளின் இளம்புழு, நன்னீர் நண்டு, சிறுமீன், தலைப்பிரட்டை இவைதான் தீனி. இரண்டு, இரவில்தான் வேலை. மூன்று, இரையைத் தேடுவது தண்ணீருக்குள். விறைப்பான மீசை மயிரால் கற்களுக்கு இடையே துழாவிக்கொண்டு, ஓடையின் போக்கிலேயே போய்வருகின்றன. கரையிலிருந்து 2 மீட்டர் தள்ளி வேர்க்கடலை வெண்ணெயும் ஓட்ஸும் தடவி வைத்த பெட்டி இவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. அங்கே மாட்டுவதெல்லாம் காட்டின் மற்ற எலிகள்தான். அருங்காட்சியகங்களில் இந்தக் கூட்டத்து மாதிரிகள் குறைவாக இருப்பதற்கு விலங்கு அரிதாக இருப்பது மட்டும் காரணமில்லை. பொறிகள் நீண்ட காலமாகத் தவறான இடத்தில் வைக்கப்பட்டதும் ஒரு காரணம்.

ஷெர்மன் மடிப்புப் பெட்டி

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துத் தயாரிப்பு. அதிகம் விற்பது எல்எஃப்ஏ என்ற அலுமினிய மாதிரி: 3 × 3.5 × 9 அங்குலம், அதாவது ஏறத்தாழ 7.6 × 8.9 × 23 சென்டிமீட்டர். மடித்தால் தட்டையாகிவிடும். முதுகுப்பையில் 40 பெட்டி ஏற்றிக்கொண்டு மலை ஏற முடிகிறதென்றால் இந்த மடிப்புதான் காரணம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் சிறு பாலூட்டி வேலை செய்தவர்களுக்கு இது பழகிய பொருள்தான்.

நுண்மையில் இதற்கு ஈடு இல்லை. மிதித்தகட்டின் முனையில் ஒரு சிறு நாக்கு இருக்கும்; முன்கதவைத் தரையோடு அழுத்திப் பிடித்து வைத்திருப்பது அதுதான். அந்த நாக்கு கதவின் மேல் எவ்வளவு ஏறி நிற்கிறதோ அவ்வளவு முரட்டுத்தனமாகும் பொறி. நகத்தால் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினால் 10 கிராம் சுண்டெலிக்கே மூடிக்கொள்ளும். வாங்கியதும் ஒவ்வொரு பெட்டியையும் இப்படிச் சரிபார்ப்பது அவசியம். ஒரே பெட்டகத்தில் வந்தவையே ஒன்றுபோல இருப்பதில்லை.

ஓடையில் சிக்கல் எங்கே தொடங்குகிறது? ஓடும் தண்ணீர் மிதித்தகட்டில் பட்டாலே பொறி மூடிவிடும். மூடியபின் இரண்டு பக்கமும் தகடு. உள்ளே அகப்பட்ட எலிக்கு ஏறி நிற்க உலர்ந்த இடம் கிடையாது. மழையில் ஓடை 10 சென்டிமீட்டர் ஏறினால் எலி மூழ்கிச் சாகும். ஏறாவிட்டாலும் ஆபத்துதான்: 3,000 மீட்டர் உயரத்தில், இரவுக் குளிரில், நனைந்த மயிரோடு அலுமினியத் தகட்டின் மேல் கிடக்கும் 40 கிராம் விலங்கு விடியும்வரை தாங்காது. துளையிட்ட தகட்டில் செய்த மாதிரி வாங்கினால் தண்ணீர் வடியும், குளிர் அப்படியேதான்.

இன்னொன்று வால். பெரிய இக்தியோமிஸின் உடலும் வாலும் சேர்ந்தால் 30 சென்டிமீட்டர்வரை வரும். 23 சென்டிமீட்டர் பெட்டியில் கதவு வாலின் மேல்தான் விழும். இழுத்துக்கொள்ளும் வேகத்தில் வால்தோல் உரிந்து வந்துவிடும். ஷெர்மனே வேண்டும் என்பவர்கள் 12 அங்குல நீளமுள்ள எக்ஸ்எல்கே மாதிரியை வாங்குங்கள். கங்காரு எலிகளின் நீண்ட வாலுக்காக வந்த அளவு அது, இங்கும் உதவும். மடித்தபின் பையில் கொஞ்சம் கூடுதல் இடம் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஷெர்மனை ஓடையில் பயன்படுத்தச் சரியான இடம் தண்ணீருக்குள் கிடையாது. நீர்மட்டத்திலிருந்து ஒரு கை உயரத்தில், எலி கரையேறும் இடங்களில் வைக்க வேண்டும்: விழுந்த மரத்தின் அடி, பாறையிடுக்கு, வேர்ப்பந்தலின் கீழ். வாய் ஓடைப்பக்கம் பார்க்கட்டும். மேலே ஈரம் இறங்காத இலைப்போர்வை, உள்ளே பாலியஸ்டர் பஞ்சு ஒரு பிடி. பருத்திப்பஞ்சு வேண்டாம், நனைந்தால் கட்டியாகி, இருக்கிற சூட்டையும் உறிஞ்சிவிடும்.

பராமரிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. ஓடை மணல் மிதித்தகட்டின் கீலில் போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய பல் துலக்கியால் தினமும் தேய்த்துவிட வேண்டும். எலி சிறுநீரால் பரவும் வைரஸ் நோய்கள் அந்தப் பகுதியில் உண்டு என்பதால் கையுறையோடு 10 சதவீத பிளீச் கரைசலில் கழுவுவது வழக்கம். கழுவிய பிறகு நல்ல தண்ணீரில் அலச மறந்தால் ஒரே பருவத்தில் அலுமினியம் பொரிந்துபோகும். மிதித்தகடும் கதவும் மட்டும் துத்தநாகம் பூசிய இரும்பில் வரும் மாதிரி கொஞ்சம் கனம், ஆனால் நசுங்காமல் அதிக நாள் உழைக்கும்.

தரைக்கு 5-க்கு 5. ஓடைக்கு 5-க்கு 2.

டோமஹாக் கம்பிவலைக் கூண்டு

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துத் தயாரிப்பு. எலி அளவுக்கு 201 என்ற மாதிரி: 16 × 5 × 5 அங்குலம், அதாவது ஏறத்தாழ 40 × 13 × 13 சென்டிமீட்டர். இதுவும் மடியும். பார்த்தால் நம்மூர்ச் சந்தையில் விற்கும் எலிக்கூண்டின் அண்ணன் மாதிரி இருக்கும்; வேலைப்பாடு மட்டும் உயர்வு. உயிரோடு பிடித்து அளந்து விடப்போகிறவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பது இதைத்தான். காரணம் ஒன்றுதான்: தண்ணீர் உள்ளே புகுந்து வெளியேறும், கூண்டுக்குள் தேங்காது.

ஆனால் பெட்டியிலிருந்து எடுத்ததும் அப்படியே கொண்டுபோய் வைக்கிற பொருள் இல்லை இது. மூன்று திருத்தம் செய்தாக வேண்டும்.

முதலாவது மிதி. ஆலையிலிருந்து வரும்போது பெரிய எலியின் எடைக்குத்தான் அது விழும். நியூஸ்டிகோமிஸ் மேலேறித் தின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடும். கொக்கிக்கம்பியின் முனையை மெல்லிய அரத்தால் வழவழப்பாக்கி, கொக்கி பிடிக்கும் நீளத்தைக் குறையுங்கள். ஒரு சிறு துணிப்பையில் 20 கிராம் மணல் கட்டி, மிதியின் ஓரத்தில் மெதுவாக வையுங்கள். கதவு விழுந்தால் சரி. நடுவில் வைத்துச் சோதிப்பது ஏமாற்று வேலை; எலி எப்போதும் ஓரத்தில்தான் காலை வைக்கும்.

இரண்டாவது வலைக்கண். இந்தக் கூண்டின் கண் சின்ன இனங்களுக்குப் பெரிது. தலை நுழைந்தால் உடல் நுழைந்துவிடும். 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள துத்தநாகம் பூசிய வலையை உட்புறமாகச் சுற்றிக் கம்பியால் தையுங்கள். வெட்டிய முனைகள் வெளிப்பக்கம் மடிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் எலியின் மூக்கு கிழியும். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் கம்பியைக் கடித்து மூக்கைத் தேய்த்துக்கொள்ளும் குணம் எலிக்கு உண்டு. இந்தக் கூண்டின் நிரந்தரக் குறை அது. நேரத்துக்குப் போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு மருந்தில்லை.

மூன்றாவது வைக்கும் விதம். கூண்டைச் சாய்வாக வையுங்கள். வாசல் 1 அல்லது 2 சென்டிமீட்டர் ஆழத் தண்ணீரில், பின்பாதி கல்லின் மேல் ஏறி உலர்ந்த நிலையில். பின்பாதியைத் தார்ப்பாய்த் துண்டால் மூடி, உள்ளே பாலியஸ்டர் பஞ்சும் ஒரு துண்டு மீனும் போடுங்கள். அகப்பட்ட எலி தானாக மேலே ஏறிப் பஞ்சுக்குள் சுருண்டுகொள்ளும். கூண்டை மேலும் கீழுமாக இரண்டு இடத்தில் வேரிலோ பாறையிலோ கட்டுங்கள். கல்லை மேலே வைத்தால் போதும் என்று விட்டவர்களின் கூண்டு ஆற்றோடு போயிருக்கிறது. பகலில் பார்த்த நீர்மட்டத்தை நம்பக்கூடாது. கரைக்கற்களில் பாசி எந்த உயரம்வரை படிந்திருக்கிறது, குப்பை எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்த்து, அந்தக் கோட்டுக்கு மேல் பின்பாதி இருக்கும்படி வைக்க வேண்டும். அப்படி இடமில்லாத ஓடையில் உயிர்ப்பொறியே வைக்காதீர்கள்.

மாலையில் விரித்தால் இரவு 10 மணிக்கு ஒரு சுற்று, விடியும்போது ஒரு சுற்று. மழை தொடங்கினால் நேரம் பார்க்காமல் போய் எடுத்துவிட வேண்டும்.

5-க்கு 4. திருத்தம் செய்யாமல் பயன்படுத்தினால் 2.

விக்டர் மரப்பலகைப் பொறி

எலியளவு விக்டர் எல்லோருக்கும் தெரிந்தது: ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் நீளப் பலகை, ஒரு வில்கம்பி, ஒரு மிதி. கொல்லும் பொறி. மாதிரி சேகரிக்க முறையான அனுமதியும், அதைப் பாதுகாத்து வைக்க ஓர் அருங்காட்சியகமும் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இந்தப் பகுதி. அமெரிக்கப் பாலூட்டியியல் சங்கம் 2016-ல் புதுப்பித்து வெளியிட்ட நெறிமுறைகளைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது.

விலையில் ஷெர்மனின் சிறு பங்குகூட வராது. ஆனால் ஓடைவேலையில் விலை உயர்ந்தவற்றையெல்லாம் இது முந்திவிடுகிறது. காரணம், இதற்குச் சுவர் இல்லை. ஒரு மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள சிற்றோடையில், தண்ணீர் இரண்டு கல்லுக்கு நடுவே ஒடுங்கும் இடத்தில், பொறியை ஓடைப்படுகையிலேயே பதிக்கலாம். பலகை தண்ணீருக்குள், மிதி தண்ணீர்மட்டத்துக்குச் சற்று மேலே. இருபக்கமும் கைகொள்ளும் கற்களை வரிசையாக அடுக்கி வழியைப் பொறியை நோக்கிக் குறுக்கிவிடுங்கள். இப்படி வைத்தால் இரைகூடத் தேவையில்லை; ஓடைவழியே வரும் எலி அதைக் கடந்துதான் போயாக வேண்டும். இரை வைக்காததில் ஒரு லாபமும் உண்டு: தரையெலிகள் வந்து பொறியை வீணாக்குவது குறையும்.

வாங்கும்போது பிளாஸ்டிக் அகலமிதி உள்ள மாதிரியைக் கேளுங்கள். சிறிய உலோக மிதியில் இரை கட்டாமல் வேலை நடக்காது. அகலமிதியில் கால் பட்டாலே போதும்.

பலகை மிதக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். மூலையில் 3 மில்லிமீட்டர் துளையிட்டு, ஒரு மீட்டர் கட்டுக்கம்பியால் வேரோடு கட்டுங்கள். அடியில் தட்டையான கல் ஒன்றை இரும்புக்கம்பியால் சேர்த்துக் கட்டினால் அசையாது. புது மரம் தண்ணீரில் ஊறி உப்பினால் ஆணி தளர்ந்து வில்கம்பி சாய்ந்து விழும். புறப்படுவதற்கு முன்பே பலகையை உருக்கிய பாரஃபின் மெழுகில் தோய்த்து எடுத்தால் பல வாரம் தாங்கும். மெழுகு மிதியின் கொக்கியில் படியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; படிந்தால் வழுக்கும்.

குறைகள் இரண்டு. முதலாவது மண்டையோடு. இனத்தை உறுதிசெய்ய மண்டையோடும் பல்லும் தேவை. எலியளவு வில் 40 கிராம் எலியின் தலையில் விழுந்தால் கையில் கிடைப்பது நொறுங்கல்தான். இதற்காகவே சுண்டெலிப்பொறிக்கும் எலிப்பொறிக்கும் இடைப்பட்ட அளவில் மியூசியம் ஸ்பெஷல் என்ற பொறி ஒரு காலத்தில் வந்தது, உற்பத்தி நின்றுவிட்டது. பழைய ஆய்வகங்களின் அலமாரியில் கிடந்தால் துருவைத் தேய்த்துவிட்டு எடுத்துப்போங்கள், நல்ல பொருள்.

இரண்டாவது குறை இன்னும் தீவிரமானது. ஆண்டீஸ் ஓடைகளில் வெண்தலை டிப்பர் என்ற குருவி உண்டு; பகல் முழுவதும் ஓடைக் கற்களின் மேல் நடந்து அதே பூச்சிப்புழுக்களைத்தான் கொத்தும். பகலிலும் விக்டரை விரித்து வைத்திருந்தால் எலிக்குப் பதில் அதுதான் சாகும். அந்தியில் விரித்து, விடியலில் வில்லைத் தளர்த்திவிடுங்கள். எலி இரவாடி என்பதால் இதில் இழப்பு எதுவும் இல்லை. சோம்பலில் பகலும் விட்டுவைப்பவர்களுக்கு இந்தப் பொறியை விற்கவே கூடாது என்பது எங்கள் கருத்து.

அனுமதியுள்ள சேகரிப்புக்கு 5-க்கு 4.5.

வாளிக் குழிப்பொறி

பொருள் என்று வாங்க வேண்டியது 20 லிட்டர் முதல் 60 லிட்டர் வரையிலான பிளாஸ்டிக் வாளியும், அரை மீட்டருக்குக் குறையாத உயரத்தில் தடுப்புவேலியாக நிற்கும் பிளாஸ்டிக் விரிப்பும்தான். அமேசான் தாழ்நிலத்து நியூஸ்டிகோமிஸ் மாதிரிகள் சில இப்படிக் கிடைத்தவை. ஓடைக்கரைச் சமதளத்தில், வாளியின் விளிம்பு தரைமட்டத்தோடு சமமாகப் புதைத்து, அடியில் வடிதுளை போட வேண்டும். நிலத்தடி நீர் மேலாக இருக்கும் இடத்தில் காலி வாளி இரவோடு இரவாக மண்ணைப் பிளந்து மேலே கிளம்பிவிடும். வடிதுளை இருந்தால் கிளம்பாது, பதிலுக்குத் தண்ணீர் உள்ளே ஊறும். ஆகவே ஒரு தெர்மகோல் துண்டு மிதவையாக உள்ளே கிடக்கட்டும், விழுந்த எலி அதில் ஏறி உட்காரும். மலைப்பாறை ஓடைகளில் தோண்டவே முடியாது, அங்கே இந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

தானியங்கிக் கேமரா

பொறியே வேண்டாம், கேமரா போதும் என்று நினைப்பவர்களுக்கு: சந்தையில் உள்ள பெரும்பாலானவை வெப்பவேறுபாட்டை உணர்ந்துதான் படமெடுக்கும். குளிர்ந்த தண்ணீரிலிருந்து நனைந்த மயிரோடு எழும் சிறு எலிக்கும் பின்னணிக்கும் அந்த வேறுபாடு அற்பம். உணர்வதற்குள் எலி போயிருக்கும். அரை மீட்டரில் வைத்தால் குவியம் தப்பி வெறும் புகைமூட்டம்தான் பதியும், ஏனெனில் லென்ஸ் தொலைவுக்கென்று பொருத்தப்பட்டது. இரவு ஒளிவெள்ளம் தண்ணீரில் பட்டுத் திரும்பும்போது படம் வெளுத்துவிடும். அண்மைக்குவியம் மாற்றக்கூடிய மாதிரியை வாங்கி, தண்ணீரைப் பார்க்காமல் எலி ஏறித் தின்னும் பாறையைப் பார்க்கும்படி சாய்த்து, நேர இடைவெளிப் படமெடுப்பையும் சேர்த்து ஓடவிட்டால் ஏதோ கிடைக்கும். கிடைத்த படத்திலும் பேரினத்துக்கு மேல் சொல்வது கடினம். அந்தப் பாறையில் நண்டு ஓட்டின் சிதறலைப் பார்த்து இடம் தேர்வு செய்யலாம் என்பதே இதில் உருப்படியான பயன். ஆனால் யபோக் எனப்படும் நீர் ஒப்போசமும் (நீரில் வாழும் ஒரு வயிற்றுப்பை விலங்கு) அங்கே நண்டு தின்னும், ஏமாந்துவிடாதீர்கள்.

இரை

கடைகளில் விற்கும் ஆயத்த எலி இரை எதையும் இதற்கு வாங்க வேண்டாம். டின் மத்தி அல்லது அதே ஓடையில் கிடைத்த மீன்துண்டு, விரல்நுனி அளவு, வலைத்துணியில் முடிந்து கட்டினால் போதும். வெறுமனே வைத்தால் நண்டு வந்து தூக்கிப்போகும், அல்லது பொறியைத் தட்டிவிடும். எண்ணெய் ஊற்றிய மத்தி எறும்பை இழுக்கும். எறும்புப் படை வந்தால் இரையோடு எலியையும் விடாது. எண்ணெயை வடித்துவிடுங்கள், அல்லது உப்புநீரில் வந்த டின்னாகப் பார்த்து வாங்குங்கள்.

எத்தனை வாங்குவது

இரண்டு பேர் இரவில் பாதுகாப்பாகச் சுற்றிவரக்கூடிய ஓடைநீளம்தான் எண்ணிக்கையை முடிவு செய்யும். வழுக்குப்பாறையில், தலைவிளக்கு வெளிச்சத்தில், 300 மீட்டருக்கு மேல் போனால் கடைசிப் பொறிக்குப் போய்ச் சேரும்போது விடிந்துவிடும். பத்து மீட்டருக்கு ஒன்று என்று வைத்தால் 30 பொறி. உயிரோடு பிடிக்கும் வேலைக்கு 20 டோமஹாக், 10 எக்ஸ்எல்கே ஷெர்மன். சேகரிப்பு வேலைக்கு 30 விக்டர், உடைவதற்கும் அடித்துப் போவதற்கும் கூடுதலாக 10. பட்டியல் எண்ணுக்கு நன்றாக இருக்கும் என்று 100 பொறி வாங்கிக் கரைமேட்டில் பரப்புவதைவிட, 30-ஐத் தண்ணீரோரம் பொருத்தமாகப் பதிப்பது பலன் தரும். ஏற்றுமதி நாட்டிலிருந்து வரவழைக்கச் சுங்கத்தில் காத்திருக்க வேண்டியிருக்கும். கட்டுக்கம்பி, 6 மில்லிமீட்டர் வலை, அரம், பஞ்சு எல்லாம் எக்வடோரின் கீட்டோ, கோஸ்டாரிகாவின் சான் ஹோசே போன்ற நகரங்களின் இரும்புக்கடையிலேயே கிடைக்கும், சுமந்துபோக வேண்டாம்.